தடைசெய்யப்பட்ட ஒரு மெய்யியலைக் கதையில் எழுதுவது: அரசன் எதைக் கண்டு அஞ்ச வேண்டும்?

கரையோரத்தாள் (பட்டர்வொர்த், பினாங்கு) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக ஒரு மிகுபுனைவு நாவலை எழுதி வருகிறேன். அது முற்றிலும் கற்பனையான உலகம். அதன் வரைபடம், நாட்காட்டி, ஊர்ப்பெயர்கள் ஆகிய எல்லாவற்றையும் நானே அமைத்திருக்கிறேன். அந்த உலகின் நடுவில் ஒரு மெய்யியல் இருக்கிறது, அதை ஓர் அரசு வேரோடு அழிக்க முற்படுகிறது. நாவல் தடுமாறுவதும் அந்த இடத்தில்தான் என்பதால் உங்கள் உதவியை நாடுகிறேன்.

கழிநாடு என்பது ஆற்று முகத்துவாரங்களும் சேற்றுத் திட்டுகளும் அலையாத்திக் காடுகளும் நிறைந்த நாடு. அதன் வானில் இரண்டு நிலவுகள் உண்டு. மக்கள் அவற்றைப் பெரியவள், சின்னவள் என்று அழைக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றுவதால் கடலின் ஏற்ற இறக்கம் எளிதில் கணக்கிட முடியாதபடி இருக்கும். நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டு நிலவுகளும் கதிரவனும் ஒரே கோட்டில் வந்து நிற்கும்போது பேரோதம், அதாவது பெரும் கடலேற்றம், எழுந்து பாதி நாட்டை மூழ்கடித்துவிட்டுத் திரும்பும்.

இந்தக் கடலைப் பார்த்துப் பார்த்து உருவானதுதான் ஓதநெறி. உலகில் உள்ள அனைத்தும் ஏற்றம், வற்றம், நிலை என்னும் மூன்று விசைகளால் ஆனவை என்று அது சொல்கிறது. மரம் வளர்வது ஏற்றம், உதிர்வது வற்றம், இரண்டுக்கும் நடுவே ஒரு கணம் எதுவும் அசையாமல் இருப்பது நிலை. உயிருக்கும் உறவுக்கும் அரசுக்கும் இதே விதிதான். எந்தத் தெய்வமும் இந்த விசைகளை ஏவுவதில்லை, எந்த வேள்வியும் அவற்றை நிறுத்துவதில்லை. இதைப் பின்பற்றுவோர் ஓதவர் எனப்படுகிறார்கள்.

இந்த எண்ணம் எனக்கு எந்த நூலிலிருந்தும் வரவில்லை. சிறுமியாக இருந்தபோது பாகான் ஆஜாம் கரையில் மலாய்ப் படகுக்காரர்கள் ஆயர் பாசாங் (ஏறும் நீர்) என்றும் ஆயர் சூருட் (வற்றும் நீர்) என்றும் பேசிக்கொள்வதைக் கேட்டு வளர்ந்தேன். நாளுக்கு இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றும் என்பதும், இன்று ஏறிய நேரத்தைவிட நாளை ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக ஏறும் என்பதும், பாதி நிலவு நாள்களில் நீர் உயிரில்லாததுபோல் சோர்ந்து கிடக்கும் என்பதும் அவர்களுக்கு விரல் நுனியில் இருந்தன. அந்தச் சோர்ந்த நீரை அவர்கள் ஆயர் மாத்தி, அதாவது செத்த நீர், என்பார்கள். அந்தச் சொல் என் மனத்தை விட்டு அகலவே இல்லை.

இப்போது என் சிக்கலைச் சொல்கிறேன். கதிர்மாடம் என்னும் குருமார் அமைப்பும் அதன் துணையோடு ஆளும் மன்னனும் ஓதவரை வேட்டையாடுகிறார்கள். முதல் வரைவில் படைவீரர்கள் வருகிறார்கள், ஏடுகளை எரிக்கிறார்கள், முதியவர்களைக் கொல்கிறார்கள். அந்த அத்தியாயங்களை வாசித்த நண்பர் ஒருவர், "இவர்கள் யாருக்கும் தீங்கு செய்யாமல் கரையில் உட்கார்ந்து நீரைப் பார்க்கிறார்கள், ஒரு மன்னன் இவர்களுக்காக எதற்குப் படையைச் செலவழிக்கிறான்?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. கொடியவன் என்பதால் கொடுமை செய்கிறான் என்று எழுதிவிட்டேன் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

விசைகளைப் பற்றிய ஒரு கொள்கையைக் கண்டு ஆள்வோர் ஏன் அஞ்ச வேண்டும்? தடைக்குப் பிறகு அப்படிப்பட்ட கொள்கை எந்த வடிவில் உயிர்பிழைக்கும்? பாடம் நடத்துவதுபோல் இல்லாமல் அதை வாசகருக்கு எப்படிக் காட்டுவது? அறிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஏட்டுச்சுவடி (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்) எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். உங்கள் ஓதவரைப் பற்றி வாசித்ததும் எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர்கள் ஆசீவகர். புத்தரும் மகாவீரரும் வாழ்ந்த காலத்தில் மற்கலி கோசாலரால் நிலைபெற்ற நெறி அது. நடப்பவை எல்லாம் நியதிப்படி நடக்கின்றன, மனிதரின் முயற்சியால் அதை விரைவுபடுத்தவும் முடியாது, தள்ளிப்போடவும் முடியாது என்பது அதன் உயிர்க்கருத்து. வீசி எறிந்த நூல் உருண்டை தன் நீளம் முழுவதும் பிரிந்து முடியும்வரை ஓடுவதைப்போல ஒவ்வோர் உயிரும் தன் பிறவிகள் முடியும்வரை ஓடித்தான் ஆகவேண்டும் என்று அவர்கள் கூறியதாகப் பௌத்தர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பௌத்தர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நான் சொன்னதைக் கவனியுங்கள். ஆசீவகர்கள் தாங்களே எழுதிய நூல் ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. நவகதிர் என்று உரையாசிரியர்கள் பெயர் சொல்லும் நூலும் மறைந்துவிட்டது. அவர்களைப் பற்றி நாம் அறிந்தவை எல்லாம் அவர்களை மறுத்தவர்கள் வழியாக வந்தவை. தமிழில் பௌத்தக் காப்பியமான மணிமேகலையும், சமணக் காப்பியமான நீலகேசியும், சைவ சாத்திரமான சிவஞான சித்தியாரின் பரபக்கமும் ஆசீவகத்தை எடுத்துரைக்கின்றன. மூன்றும் அதை ஏற்காத நூல்களே. உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது என்று நான் கருதுகிறேன். ஓதநெறியை ஓர் ஓதவர் விளக்கிச் சொன்னால் அது பாடமாகிவிடும். கதிர்மாடத்துக் குரு ஒருவர் அதை மறுப்பதற்காக எழுதிய நூலின் பகுதிகளை அத்தியாயங்களுக்கு இடையே வையுங்கள். மறுக்க வேண்டுமானால் முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும். எடுத்துச் சொல்லும்போது எதிரியின் கையிலிருந்தே அந்த நெறியின் அழகு வெளிப்பட்டுவிடும்.

மணிமேகலையின் 27ஆம் காதையில் இதைக் காணலாம். வஞ்சி நகரில் தவ முனிவன் வடிவில் சென்று ஒவ்வொரு சமய ஆசிரியரிடமும் கேட்டு வரும் மணிமேகலையிடம் ஆசீவக ஆசிரியன் பேசுகிறான். நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றின் அணுக்களும் உயிரும் என ஐந்து பொருள்களை அவன் கூறுகிறான். நிலம் கடினமானது, நீர் குளிர்ந்து கீழ்நோக்கிப் போகும், தீ சுட்டு மேல்நோக்கி எழும், காற்று குறுக்கே அசையும். நீரணு நில அணுவாக மாறாது. ஒன்று இரண்டாகப் பிளக்காது. அவலைப்போல் தட்டையாகப் பரவவும் செய்யாது. தனி அணுவை ஏன் நம்மால் காண முடியவில்லை என்பதற்கு அவன் கூறும் உவமை என்னை வகுப்பறையில் ஒவ்வோர் ஆண்டும் நெகிழச் செய்திருக்கிறது: மாலை மங்கலில் ஒரு மயிர் கண்ணுக்குத் தெரியாது, மயிர்க்கற்றை தெரியும். அவலும் மயிரும் கொண்டு ஓர் அணுக்கொள்கையைச் சொல்லி முடித்துவிடுகிறார் புலவர். உங்கள் ஓதவரும் விசை என்ற சொல்லையே அதிகம் பயன்படுத்தாமல் இப்படிச் சமையலறைப் பொருள்களைக் கொண்டு பேசினால் நன்றாக இருக்கும்.

இனி, துன்புறுத்தலைப் பற்றி. பீகாரில் கயைக்கு வடக்கே பராபர் குன்றுகளில் பாறையைக் குடைந்து உட்சுவரைக் கண்ணாடிபோல் மெருகேற்றிய குகைகள் இருக்கின்றன. அசோகர் முடிசூடிய 12ஆம் ஆண்டில் அவற்றுள் இரண்டை ஆசீவகருக்குக் கொடையாக அளித்ததாக அங்குள்ள கல்வெட்டுகள் கூறுகின்றன. அருகில் உள்ள நாகார்ச்சுனிக் குன்றில் அவர் பெயரன் தசரதனும் மூன்று குகைகளைக் கொடுத்தான். பிற்காலத்தில் யாரோ ஒருவர் அந்தக் கல்வெட்டுகள் சிலவற்றில் ஆசீவகர் என்ற சொல்லை மட்டும் உளியால் சிதைத்திருக்கிறார். கொடை கொடுத்த மன்னனின் பெயரை அவர் தொடவில்லை, குகையையும் இடிக்கவில்லை. இதே அசோகர் புண்டரவர்த்தனத்தில் ஒரே நாளில் 18,000 ஆசீவகரைக் கொல்லச் செய்தார் என்று அசோகாவதானம் என்னும் பிற்காலப் பௌத்த நூல் கதை சொல்கிறது. வரலாற்றாசிரியர் பலர் அதை நம்புவதில்லை. ஆனால் உளியின் தழும்பை நம்பாதிருக்க முடியாது. எரியும் ஏடுகளை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சகோதரி. கல்லில் ஒரே ஒரு சொல் மட்டும் இல்லாமல் போன இடத்தை உங்கள் கதாநாயகி விரலால் தடவிப் பார்க்கும் காட்சியை எழுதுங்கள்.

இன்னொன்று. தென்னாட்டில் 14ஆம் நூற்றாண்டு வரை ஆசீவகர் இருந்தார்கள் என்பதை நாம் அறிவதற்கு ஒரு காரணம், அவர்கள் மீது தனியாக வரி விதிக்கப்பட்டதைக் காட்டும் கல்வெட்டுகள். கண்ணகியின் தந்தை மாநாய்கன், மகளுக்கு நேர்ந்ததைக் கேட்டபின் தன் செல்வத்தைத் தானம் செய்துவிட்டு ஆசீவகர் முன் அறநெறியை ஏற்றதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. ஒரு காலத்தில் பெருவணிகன் துயரத்தோடு போய் நின்ற வாசல், பிறகு வரிப்பட்டியலில் ஒரு வரியாகச் சுருங்கியது. வாளால் வெட்டுவதைவிட இந்தச் சுருக்கம் எனக்கு அதிகம் வலிக்கிறது. ஆசீவகமே தமிழ் மண்ணில் பிறந்தது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு; அந்த விவாதத்தை இங்கே தொடங்கினால் உங்கள் நாவலை விட்டு வெகுதூரம் போய்விடுவோம் என்பதால் விட்டுவிடுகிறேன்.


குயின்தெருக்காரி (ஜார்ஜ்டவுன், பினாங்கு) எழுதியது:

வணக்கம். ஐயா கூறியவை அனைத்தும் அருமை. ஆனால் அரசன் ஏன் அஞ்சுகிறான் என்ற முதல் கேள்வி இன்னும் அப்படியே நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது. நான் வேறு திசையிலிருந்து வருகிறேன்.

தங்கையே, உங்கள் ஓதவர் கரையில் உட்கார்ந்து நீரைப் பார்ப்பதோடு நிற்கவில்லை, அவர்கள் கணக்கிடுகிறார்கள். பேரோதம் எப்போது வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அரசும் ஒரு நாள் வற்றும் என்பது அவர்களின் விதி. அப்படியானால் எந்த ஆண்டில் வற்றும் என்ற கேள்விக்கும் அவர்களிடம் விடை இருக்கும் என்று மக்கள் நம்புவார்கள். மன்னனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சீன வரலாற்றில் இது அப்படியே நடந்திருக்கிறது. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்னும் ஐந்து ஆற்றல்களும் ஒன்றை ஒன்று வெல்லும் என்ற கொள்கை, அரசமரபுகளுக்கும் பொருத்தப்பட்டது. சோவ் மரபு நெருப்பின் ஆற்றலால் ஆண்டது, நெருப்பை வெல்வது நீர், ஆகவே நாங்கள் நீர் என்று சின் பேரரசன் அறிவித்தான். நீருக்குரிய கறுப்பு நிறத்தையும் ஆறு என்னும் எண்ணையும் அரசின் அடையாளமாக்கினான். கேட்க மிகவும் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் அதே கணக்கின்படி நீரை வெல்வது மண். தன் அரியணைக்கு அடியில் வைத்த கொள்கையே தனக்குப் பின் வருபவனையும் அறிவித்துவிடுகிறது. ஹான் மரபினர் கி.மு. 104இல் தங்களை மண் என்று அறிவித்துக்கொண்டார்கள்.

இதனால்தான் பிற்காலப் பேரரசுகள் வானியலைத் தங்கள் அலுவலகத்துக்குள்ளேயே பூட்டி வைத்தன. தாங் மரபின் சட்டத்தொகுப்பில், வானியல் கருவிகளையும் விண்மீன் படங்களையும் குறிசொல்லும் நூல்களையும் தனியார் ஒருவர் வீட்டில் வைத்திருந்தால் 2 ஆண்டு கடுங்காவல் உழைப்பு என்று எழுதியிருக்கிறது. ரோமிலும் அகஸ்டஸ் கி.பி. 11இல் ஒருவரின் சாவைப் பற்றிச் சோதிடரிடம் கேட்பதைத் தடைசெய்தார். இங்கெல்லாம் அந்தக் கொள்கை பொய் என்று எந்த ஆட்சியாளரும் சொல்லவில்லை. அது உண்மை என்று நம்பியதால்தான் அடுத்தவன் கையில் இருக்கக்கூடாது என்று நினைத்தார்கள். உங்கள் மன்னனும் ஓதநெறியை உள்ளூர முழுமையாக நம்புகிறவனாக இருக்கட்டும். கதிர்மாடத்தின் உள்ளறையில் ஓர் ஓதவரைப் பூட்டிவைத்து, அவரைக் கொண்டே நாள் குறிக்கட்டும்.

இரண்டாவது காரணம் அந்நியம். மானி என்பவர் 3ஆம் நூற்றாண்டில் மெசப்பத்தோமியாவில் ஒளி, இருள் என்னும் இரண்டு பேராற்றல்களின் போராட்டமே உலகம் என்று போதித்தார். பாரசீக அரசன் அவரை விலங்கிட்டுச் சிறையில் வைத்தான். அங்கேயே அவர் உயிர் பிரிந்தது. பாரசீகமே அவரை விரட்டியிருக்க, ரோமப் பேரரசன் தயோக்ளீசியனோ 302இல் அவரைப் பின்பற்றியோரைப் பாரசீகப் பகைநாட்டிலிருந்து வந்த நஞ்சு என்று கருதித் தலைவர்களை நூல்களோடு சேர்த்து எரிக்க ஆணையிட்டான். சீனாவில் 843இல் அந்த நெறி முற்றாகத் தடைசெய்யப்பட்டது. சொந்த நாட்டில் துரோகி, பகை நாட்டில் உளவாளி, தொலைதூர நாட்டில் அந்நியன் என்று மூன்று இடத்தில் மூன்று குற்றச்சாட்டு. ஒரே நெறியை மூன்று அரசுகள் வெவ்வேறு காரணத்துக்காக வெறுப்பதை உங்கள் நாவலில் காட்டினால் அந்த உலகம் விரிவடையும்.

அது எப்படி உயிர்பிழைத்தது என்பது எங்கள் தெருவுக்கு அருகில் வருகிறது. இங்கே பினாங்கில் நம்மோடு வாழும் ஹொக்கியன் மக்களின் மூதாதையர் பலர் சீனாவின் பூச்சியான் மாநிலத்திலிருந்து வந்தவர்கள். அந்த மாநிலத்தில் சுவான்சூ நகருக்கு அருகே சாவோவான் என்னும் சிறு கோயிலில், 1339இல் பாறையில் செதுக்கிய மானியின் உருவம் இன்றும் இருக்கிறது. நீண்ட தாடியும் சுற்றிலும் ஒளிக்கதிர்களுமாக அமர்ந்திருக்கும் அவரை ஊர் மக்கள் புத்தராகக் கருதி ஊதுபத்தி ஏற்றி வணங்கி வந்திருக்கிறார்கள். நெறியின் பெயர் போய்விட்டது, நூல்கள் போய்விட்டன, வணக்கம் மட்டும் நிற்கவில்லை.

நம் பக்கத்திலேயே இன்னோர் உதாரணமும் உண்டு. செபராங் பிறையில் 1834இல் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த ஒரு கல், 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புத்தகுப்தன் என்னும் மாலுமித் தலைவனுடையது. இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அறியாமையால் வினை சேர்கிறது, வினையே பிறப்புக்குக் காரணம், அறிவால் வினை சேராது, வினை இல்லையேல் பிறப்பில்லை என்பதே அதில் பொறித்திருக்கும் செய்யுள். நல்லபடியாகப் பயணம் முடியவேண்டும் என்ற வேண்டுதலோடு ஒரு மெய்யியலையும் சேர்த்துக் கல்லில் வெட்டிவிட்டுப் போயிருக்கிறான் அந்தக் கடலோடி. நீங்கள் குடியிருக்கும் கரைக்கு எவ்வளவு அருகில் என்று எண்ணிப் பாருங்கள்.


கரையோரத்தாள் எழுதியது:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. நம்புகிறவனே தடைசெய்கிறான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த ஒரு வரியால் மன்னனின் பாத்திரம் முழுவதும் மாறுகிறது.

உயிர்பிழைப்பது குறித்து எனக்கு ஓர் எண்ணம் வந்திருக்கிறது, சரியா என்று சொல்லுங்கள். நம் வீடுகளில் விளக்கை அணை என்று சொல்லமாட்டார்கள். குளிர வை, மலையேற்று என்பார்கள். வீட்டை விட்டுப் புறப்படும்போது போகிறேன் என்று சொன்னால் என் பாட்டி விடமாட்டார், போய்வருகிறேன் என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவார். இதற்கெல்லாம் யாரும் காரணம் கேட்பதில்லை. கழிநாட்டில் வற்றம் என்ற சொல்லைத் தடைசெய்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மக்கள் அதற்குப் பதிலாக "திரும்பப் போயிருக்கிறது" என்று சொல்லத் தொடங்குகிறார்கள். இறந்தவரைப் பற்றியும் அப்படியே சொல்கிறார்கள். மூன்று தலைமுறைக்குப் பிறகு, ஓதநெறி என்ற பெயரையே கேள்விப்படாத ஒரு குழந்தை, செத்துப்போன தன் நாய்க்குட்டியைப் பார்த்து "திரும்பப் போயிருக்கிறது" என்கிறது. அந்தக் கணத்தில் நெறி உயிரோடு இருக்கிறது என்று வாசகருக்குப் புரிந்துவிடும் அல்லவா?


செந்தூல்வாசி (செந்தூல், கோலாலம்பூர்) எழுதியது:

வணக்கம் சகோதரி. நாய்க்குட்டிக் காட்சியைக் கட்டாயம் வையுங்கள். ஆனால் இதுவரை வந்த பதில்களோடு நான் ஒரு செய்தியில் உடன்படவில்லை. எல்லாரும் ஓதவரைக் களங்கமே இல்லாதவர்களாக வைத்துக்கொண்டு பேசுகிறோம். துன்புறுத்தப்பட்டவர்கள் என்பதால் அவர்கள் சொன்னதெல்லாம் நன்மையே விளைவித்தது என்று ஆகிவிடாது. உங்கள் நெறியில் உண்மையிலேயே ஓர் ஆபத்து இருக்கிறது, அதை நீங்கள் இன்னும் எழுதவில்லை.

புத்தர் காலத்தில் பகுத கச்சாயனர் என்னும் ஆசிரியர் ஒருவர் இருந்தார். நிலம், நீர், தீ, காற்று, இன்பம், துன்பம், உயிர் என ஏழு பொருள்கள் உண்டு. அவை எவராலும் படைக்கப்படாதவை, தூண்போல் அசையாதவை, ஒன்றை ஒன்று தாக்காதவை என்று அவர் கூறியதாகப் பௌத்த நூலான தீகநிகாயத்தின் இரண்டாம் சுத்தம் (உரைப்பகுதி) தெரிவிக்கிறது. அதிலிருந்து அவர் வந்து சேரும் முடிவைக் கேளுங்கள். கூரிய வாளால் ஒருவன் மற்றொருவனின் தலையைத் துண்டித்தாலும் அங்கே யாரும் யாருடைய உயிரையும் பறிக்கவில்லை. அந்த ஏழு பொருள்களுக்கு இடையே உள்ள வெளியில் வாள் புகுந்து போகிறது, அவ்வளவே. இயற்பொருள் கொள்கையாகப் பார்த்தால் இது பிழையற்ற தருக்கம். ஆனால் மகனைப் பறிகொடுத்த ஒரு தாயின் முன் நின்று இதைச் சொல்ல முடியுமா? வழக்கைக் கேட்கும் நீதிபதி ஒருவர் இதை ஏற்றுக்கொண்டால் ஊரில் எந்தக் கொலைக்குத் தண்டனை இருக்கும்?

உங்கள் ஓதநெறியும் அங்கேதான் போய் நிற்கும். ஏற்றமும் வற்றமும் யாராலும் ஏவப்படாதவை என்றால், கொன்றவன் "நான் கொல்லவில்லை, அவனுக்கு வற்றம் வந்தது" என்பான். பேரோதம் வரப்போவதை அறிந்த ஓதவர், அதைத் தடுக்க இயலாது என்று நம்புவதால் கரையோரச் சிற்றூர்களுக்குச் சொல்லாமலே இருந்துவிடவும் கூடும். நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய பேரோதத்தில் அப்படி ஓர் ஊரே போயிருக்கட்டும்; அந்த ஊரில் பிழைத்த ஒரு சிறுவன்தான் இன்று கதிர்மாடத்தின் தலைமைக் குருவாக இருக்கட்டும். அப்போது அவர் எழுதும் மறுப்பு நூலுக்கு உண்மையான வலி இருக்கும். ஆசிரியர் ஐயா சொன்ன உத்தி அப்போதுதான் முழுப்பயன் தரும் என்பது என் கருத்து. வெறும் பகைவன் எழுதிய மறுப்பை வாசகர் இரண்டு பக்கத்துக்குமேல் வாசிக்கமாட்டார்.

அந்தச் சுத்தத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. பகுத கச்சாயனரிடம் கேட்டதையும் மற்கலி கோசாலரிடம் கேட்டதையும் புத்தரிடம் எடுத்துச் சொல்பவன் மகதத்து மன்னன் அசாதசத்துரு. அவன் தன் தந்தை பிம்பிசாரரைக் கொன்று அரியணை ஏறியவன். கொன்றவன் என்று எவனும் இல்லை என்று ஓர் ஆசிரியர் அவன் முகத்துக்கு நேரே சொல்கிறார். அவனுக்கு அதைவிட ஆறுதலான போதனை வேறு இருக்க முடியாது. ஆனால் அவன் மகிழவில்லை. அந்த ஆசிரியரைப் பழிக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. மனநிறைவின்றி எழுந்து போய்விடுகிறான். முழுநிலவு இரவில் மன அமைதி வேண்டி மறுபடி வேறொருவரைத் தேடிப் புறப்படுகிறான்.

குயின்தெரு அம்மையார் சொன்னதுபோல் உங்கள் மன்னன் நாளைக்கு அஞ்சட்டும். அத்தோடு நேற்றைக்கும் அஞ்சட்டும். தன் குற்றத்தைக் கழுவிவிடக்கூடிய ஒரே நெறி அவன் கையருகில் இருக்கிறது, அதை அவனால் ஏற்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. அந்த மனநிலையில் இருப்பவன் ஏடுகளை எரிப்பான் என்று சொன்னால் நான் நம்புவேன்.


ஏட்டுச்சுவடி எழுதியது:

செந்தூல் நண்பர் கூறியதை ஏற்கிறேன். ஓதவரின் பக்கத்திலும் இதற்கு ஒரு விடை இருக்கவேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். நியதியை நம்பிய ஆசீவகர்களே கடும் தவம் செய்தவர்கள் என்று அவர்களின் பகைவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். எல்லாம் முன்பே முடிவானது என்றால் உடலை வருத்துவது எதற்கு என்று எதிரிகள் கேட்டார்கள். தவம் செய்ய நேர்வதும் நியதியே என்பது அதற்கு ஒரு விடையாக இருந்திருக்கலாம். உங்கள் ஓதவருக்குள்ளும் இரண்டு பிரிவினர் இருக்கட்டும்: பேரோதத்தைச் சொல்லக்கூடாது என்போர் ஒரு பக்கம், எச்சரிக்கைக் குரலும் ஏற்றத்தின் ஒரு வடிவமே, அது எழும்போது அடக்கக்கூடாது என்போர் மறுபக்கம். பிளவு இல்லாத நெறியை நான் எந்த ஏட்டிலும் கண்டதில்லை.


கரையோரத்தாள் எழுதியது:

மூன்று நாள்களாக உங்கள் பதில்களைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு இரண்டாம் பாகத்தைப் புதிதாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். படைவீரர்கள் ஏடுகளை எரிக்கும் அத்தியாயத்தை முழுவதுமாக நீக்கிவிட்டேன்.

தலைமைக் குரு இப்போது மூழ்கிப்போன ஊரில் பிழைத்த பிள்ளை. அவர் எழுதும் மறுப்பு நூல், தன் தாயின் கை தன் கையிலிருந்து நழுவியதைச் சொல்லித் தொடங்குகிறது. அந்தப் பகுதியை எழுதும்போது நான் அவர் பக்கம் நின்றுவிட்டேன். இரண்டு நாள் ஓதவர் யாரையும் எழுத மனம் வரவில்லை. ஐயா சொன்ன பிளவு அந்த இடத்தில்தான் எனக்குக் கைகொடுத்தது. எச்சரிக்க விரும்பி அடக்கப்பட்ட ஒரு பெண், அந்தக் குற்றவுணர்வோடு நாற்பது ஆண்டு வாழ்ந்து முதியவளாகி, இப்போது மன்னனின் உள்ளறையில் நாள் குறிக்கும் கைதியாக இருக்கிறாள்.

மன்னன் தன் தமையனைக் கொன்று ஆட்சிக்கு வந்தவன். ஓர் இரவு அவன் தனியாக அவளிடம் வந்து, அவனை நான் கொன்றேனா, அல்லது அவனுக்கு வற்றம் வந்ததா என்று கேட்கிறான். ஆம் என்றோ இல்லை என்றோ அவள் சொல்லிவிட்டால் விடுதலை கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரியும். எத்தனையோ விடைகளை எழுதி அடித்துவிட்டேன். நேற்று மாலை பாகான் ஆஜாம் கரையில் நின்றபோதுதான் அவளுடைய பேச்சு எனக்குக் கிடைத்தது. அவள் விடை சொல்லப்போவதில்லை. அன்று இரவு கடல் ஏறிக்கொண்டிருந்ததா, வற்றிக்கொண்டிருந்ததா என்று திருப்பிக் கேட்கப்போகிறாள். அவனுக்கு அது நினைவில் இருக்கும்.